உடையவர் தீர்த்த பூசல்

1017ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த ஸ்ரீராமாநுஜர், ஆளவந்தாருக்குப்பின் திருவரங்கத்தில் தர்சன நிர்வாகம் ஏற்றருளினார். அந்நாளில் கோயிற் சாவியும் அதிகாரமும் பெரிய கோயில் நம்பியின் வசமிருந்தன. உடையவர் அவற்றை வலிந்து கொள்ளவில்லை. கூரத்தாழ்வானைக் கொண்டு நம்பியின் திருவுள்ளத்தைத் திருத்தினார். நம்பியும் சாவியைத் தாமே சமர்ப்பித்து, திருவரங்கத்தமுதனாராய் நூற்றந்தாதி பாடினார். பின்னர்க் கோயிற் பரிஜனங்களைப் பத்துக் கொத்தாக வகுத்து, அவரவர் கைங்கர்யத்தை உடையவர் வரையறுத்தார்.

முறை வகுத்தவிடத்தும் பொறாமை ஒழியவில்லை. காவேரியில் நீராடி மீள்கையில், மல்லராயிருந்து ஆட்பட்ட பிள்ளை உறங்காவில்லி தாசரின் கைபற்றி உடையவர் எழுந்தருளுவது சீடர் சிலர்க்குப் பொறுக்கவில்லை. குருபரம்பரை கூறுவது இது: ஸ்வாமி அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஓரிரவு அவர்கள் உலர்த்திய வஸ்திரங்களைச் சிறிது கிழிப்பித்தார். விடிந்ததும் அவர்கள் ஒருவரையொருவர் ஏசிச் சண்டையிட்டனர்.

மற்றோரிரவு தாசரைத் தம்மிடம் நிறுத்தி, அவர் தேவிகள் பொன்னாச்சியாரின் ஆபரணங்களைக் கவர்ந்துவர அச்சீடர்களையே ஏவினார். உறங்குவார்போற் கிடந்த அம்மையார், மறுபக்கத்து அணிகளையும் கொள்ளட்டுமென்று புரள, அவர்கள் அஞ்சியோடினர். தாசர் வந்தபோதோ, பொருளைத் தன்னதென்றெண்ணிக் கொடுக்கப் புகுந்தது அகங்காரமன்றோ என்று தேவியாரைக் கடிந்தார். மறைந்து நின்று கேட்ட சீடர்கள் ஸ்வாமியிடம் விண்ணப்பித்தனர். கந்தைக்குப் பூசலிட்டாரையும் பொன்னிழந்து கலங்காதாரையும் ஒப்பிட்டு, வைஷ்ணவர் யாரென ஸ்வாமி வினவ, அவர்கள் நாணித் தலைகவிழ்ந்தனர்.

1137இல் பரமபதம் எய்திய எம்பெருமானார், குலத்தால் வரும் ஏற்றத்தைத் தண்டனையாலன்றி அவரவர் நெஞ்சே சாட்சியாக அகற்றினார்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.