இராதாகிருஷ்ணனின் சமயத் தத்துவமும் அம்பேத்கரின் கேள்வியும்

சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில், தெலுங்கு பேசும் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தார். குடும்பம் எளியது, ஆயினும் கல்விக்கூடத்தின் கதவை எந்தச் சாதியும் அவருக்கு அடைக்கவில்லை. திருப்பதி, வேலூர், சென்னை ஆகிய ஊர்களில் கிறித்தவ மிஷன் நிறுவனங்களில் பயின்றார். இந்து சமயத்தின் மீது மிஷனரிகள் வைத்த விமர்சனம் அவரை உறுத்தியது. வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு மறுமொழியாகவே தம் முதுகலை ஆய்வேட்டை எழுதினார். அந்த மறுமொழியை வாழ்நாள் முழுவதும் விரித்தெழுதினார்.

1926இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் ஆற்றிய உரைகள், மறு ஆண்டு ‘தி இந்து வியூ ஆஃப் லைஃப்’ என்னும் நூலாயின. இந்து சமயம் பல்லாயிரம் ஆண்டுகள் நிலைத்திருப்பதை அதன் உயிர்ப்புக்குச் சான்றாக அந்நூல் காட்டியது. வருண அமைப்புக்கும் தத்துவ விளக்கம் அளித்தது. 1932இல் வெளியான ‘அன் ஐடியலிஸ்ட் வியூ ஆஃப் லைஃப்’ நூலில் மேலைச் சிந்தனையை ஆராய்ந்தார். அறிவியலின் முன் பழைய நம்பிக்கைகள் தளர்ந்ததை ஒப்புக்கொண்டார். எனினும், மதத்துக்கு மாற்றாக முன்வைக்கப்பட்ட இயற்கைவாதம், ஐயவாதம், மனிதநேயவாதம் ஆகியவை மனிதரின் அகத்தேடலை நிறைவு செய்யா எனத் தீர்ப்பளித்தார்.

1936இல் ஆக்ஸ்ஃபோர்டில் கீழைச் சமயங்களுக்கான பேராசிரியரானார். அதே ஆண்டு ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் அவருடைய வாதத்தை நேரடியாக எதிர்கொண்டார். ஒரு சமூகம் பிழைத்திருப்பது பெருமையன்று, எந்த நிலையில் பிழைத்திருக்கிறது என்பதே கேள்வி என்றார். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயியிடம் பயின்ற அம்பேத்கரும் மதத்தை முற்றாகத் துறக்கவில்லை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகியவற்றுக்கு இணங்காத மதத்தையே மறுத்தார்.

இந்த வேறுபாடு 1956இல் மேலும் கூர்மையடைந்தது. அப்போது குடியரசுத் துணைத்தலைவராக இருந்த இராதாகிருஷ்ணன், பௌத்தத்தின் 2500 ஆண்டு வரலாறு பற்றி அரசு வெளியிட்ட நூலின் முன்னுரையில், புத்தரை இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தவர் எனக் காட்டினார். அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கரும் இலட்சக்கணக்கான மக்களும் பௌத்தம் தழுவினர். புத்தரை விஷ்ணுவின் அவதாரமாக ஏற்பதில்லை என்பதும் அவர்களது உறுதிமொழிகளுள் ஒன்று. கடவுளையும் ஆன்மாவையும் சாராத அறமே அம்பேத்கர் கண்ட மாற்று.

இராதாகிருஷ்ணன் 1962இல் குடியரசுத் தலைவரானார். அவ்வாண்டு முதல் அவர் பிறந்தநாள் ஆசிரியர் நாளாயிற்று. 1975 ஏப்ரல் 17 அன்று மறைந்தார். அவர் மேலைக் கோட்பாடுகளைத் தனிமனிதரின் அகநிறைவு கொண்டு அளந்தார். அம்பேத்கரோ, எந்தக் கோட்பாட்டையும் மனிதர் மனிதரை நடத்தும் முறை கொண்டு அளந்தார். செப்டம்பர் 5 அன்று கல்லூரிகளில் மாணவர்கள் இவ்விருவரையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.