முத்துலட்சுமி ரெட்டி: மருத்துவம் படிக்க சீட் கிடைச்சா மட்டும் போதுமா?

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கு ஒவ்வொரு ஆண்டும் புது மாணவர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இதன் வேர். நீட் எழுதியாச்சு, சீட்டும் ஹாஸ்டல் அறையும் கிடைச்சாச்சு, இனி என்ன கவலை என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். ஆனால், படிப்பைத் தாண்டி ஒரு மருத்துவ மாணவருக்கு மனிதர்களிடமிருந்து சில தேவைகள் இருக்கின்றன.

அவை என்ன?

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷூட்ஸ் 1958-ல் இவற்றை மூன்றாகப் பிரித்தார். மற்றவர்கள் தன்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தன்னைப் பற்றிய முடிவில் தனக்கும் பங்கு வேண்டும். மனசுவிட்டுப் பேச நெருக்கமான ஆள் வேண்டும். இந்த மூன்றும் இல்லாவிட்டால் என்ன ஆகும், கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையே நல்ல உதாரணம்.

திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

புதுக்கோட்டையில் 1886 ஜூலை 30 அன்று பிறந்தவர் முத்துலட்சுமி. அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். அந்தக் கல்லூரியில் மகளைச் சேர்க்க முயன்றபோது ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு அனுமதி கொடுத்தார். கல்லூரியிலேயே ஒரே பெண். மாணவர்கள் கண்ணில் படாதபடி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார். இடம் கிடைத்தது, ஆனால் பக்கத்தில் பேச ஒரு தோழி இல்லை.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே 1875-லேயே பெண்கள் படிக்க வந்துவிட்டார்கள். அப்படியும் கதவு முழுசாகத் திறக்கவில்லை. தன் வகுப்பில் பெண்கள் உட்காரவே கூடாது என்று நினைத்த பேராசிரியரும் இருந்தார் என்கிறார்கள். சின்ன வயசிலிருந்தே உடல்நலமும் அவருக்குச் சரியில்லை.

தாங்கிப் பிடித்தது யார்?

முதல் துணை அப்பா. ஊரார் பேச்சை மீறி மகள் பக்கம் நின்றவர் அவர். மாணவியாக இருந்த காலத்தில்தான் சரோஜினி நாயுடுவின் நட்பும் கிடைத்தது. பெண்கள் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினார். தான் தனி ஆள் இல்லை என்று அங்கேதான் புரிந்தது. 1912-ல் பட்டத்தோடு வெளியே வந்தார்.

தன் முடிவு தன் கையில் இருக்க வேண்டும் என்பதை அவர் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்யும்போது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று நிபந்தனை போட்டார். அவரும் ஒத்துக்கொண்டார்.

தனக்குக் கிடைக்காதது மற்றவர்களுக்கு

சென்னை சட்ட மேலவையின் துணைத் தலைவரான பிறகு, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அந்த முறையிலிருந்து வெளியேறி வந்த பெண்களுக்கு நகரத்து விடுதிகள் இடம் தரவில்லை. அவர்களைத் தன் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லமாக வளர்ந்தது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்த அனுபவம் உள்ளவருக்கு, வாசலில் நிற்பவரின் வலி தெரியாமல் போகுமா?

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனைதான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. 1956-ல் பத்மபூஷண் விருது. 1968-ல் மறைந்தார். தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இன்றைக்கு என்ன பாடம்?

இப்போது எந்த மருத்துவக் கல்லூரியிலும் திரை கிடையாது. ஆனால் மொழி தெரியாமல், ஆங்கிலத்தில் கேள்வி கேட்கத் தயங்கி, மெஸ்ஸில் தனியாகச் சாப்பிடும் மாணவருக்குக் கண்ணுக்குத் தெரியாத திரை ஒன்று இருக்கலாம். அதை விலக்கப் பெரிய திட்டமெல்லாம் தேவையில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடும் ஓர் ஆசிரியர், சாப்பிட்டாயா என்று கேட்கும் ஒரு சீனியர், மார்க்கைக் கேட்பதற்கு முன் மனசைக் கேட்கும் ஒரு அப்பா, அம்மா இருந்தால் போதும். முத்துலட்சுமியைத் தாங்கிப் பிடித்ததும் இப்படிச் சில மனிதர்கள்தான்.