ஆசிரியர்க்கு ஆசிரியர் வீரமாமுனிவர்

பங்கின் யூபிலி மலரில் நம் குருக்களையும் கன்னியரையும் நன்றியோடு நினைவுகூரும் நாம், நம் தமிழ் எழுத்தைச் செம்மை செய்து தந்த ஒருவரை மறத்தலாகாது. கொள்ளிடத்தின் வடகரையில், ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவின் நிழலில் பணியாற்றிய வீரமாமுனிவரே அவர். தேம்பாவணி பாடிய புலவர் என்று அவரை யாவரும் அறிவோம். பள்ளியை நடத்துவோர்க்கும் ஞானோபதேசம் கற்பிப்போர்க்கும் அவர் சிறந்த வழிகாட்டி என்பதை இங்கே சிறிது சிந்திப்போம்.

இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680 நவம்பர் 8 ஆம் நாள் அவர் பிறந்தார். கொன்ஸ்டான்சோ யோசேப்பு பெஸ்கி என்பது இயற்பெயர். 1698 இல் இயேசு சபையில் சேர்ந்து, குருவாகி, 1710 இல் கோவாவில் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு தமிழகம் சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பது. பல மொழிகளைக் கற்றுத் தேர்ந்த குருவானவர், இங்கே சிறுபிள்ளையைப்போல் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் கேட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. உடை, உணவு, பெயர் எல்லாவற்றையும் தமிழ் நாட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். பிறருக்குக் கற்பிக்க வந்தவர் முதலில் மாணாக்கராய் அமர்ந்தார். 1726 இல் சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக்கி, 3615 பாடல்கள் கொண்ட காப்பியம் இயற்றும் அளவுக்கு அந்த மாணாக்கர் வளர்ந்தார்.

அக்காலத்தில் நெட்டெழுத்து ஏ, ஓ என்பவற்றுக்குத் தனி வடிவம் இல்லை. குறிலுக்கு மேலே புள்ளி இட்டு வேறுபடுத்த வேண்டும். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுவோர் அதை விட்டுவிடுவர். அப்பொழுது எரி என்பதும் ஏரி என்பதும் ஒன்றாகத் தோன்றும். வயலைக் குறிக்கும் செறு என்பதும் சேறு என்பதும் ஒன்றாகிவிடும். படிப்பவர் இடம் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். இந்த இடர்ப்பாட்டைக் கண்ட முனிவர், நெடிலுக்குக் காலும் சுழியும் கொடுத்து இன்று நாம் எழுதும் வடிவத்தை வழங்கினார். படிப்பவன் தடுமாறினால் அதைத் தீர்க்கும் கடமை எழுதுபவனுக்கே உரியது என்பதைச் செயலில் காட்டினார்.

நிகண்டுகளைப் பாட்டாக மனப்பாடம் செய்தவர்க்கே சொற்பொருள் விளங்கிய காலத்தில், 1732 இல் சதுரகராதியைத் தொகுத்து, அகர வரிசையில் எவரும் சொல்லைத் தேடிக் காண வழி செய்தார். பேச்சுத் தமிழுக்கு இலத்தீன் மொழியில் இலக்கணம் எழுதினார். சமயக் கருத்துகளில் அவரோடு கடுமையாக வாதிட்ட தரங்கம்பாடி லுத்தரன் சபையாரே அந்நூலை 1738 இல் தங்கள் அச்சகத்தில் அச்சிட்டனர். தெளிவாக எழுதப்பட்ட நூலை எதிர்வாதம் செய்தவரும் ஏற்றுப் போற்றினர் என்றால் அதன் அருமை விளங்கும்.

அந்நாளில் குருக்கள் மிகச் சிலர். பல ஊர்களில் செபம் நடத்தி, பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பித்து, நோயாளியைத் தேற்றி, மந்தையைக் காத்தவர் வேதியரே. அவர்களுக்காக முனிவர் 1727 இல் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை எழுதினார். கற்பிப்பவன் தன் ஆன்மாவை முதலில் காக்கவேண்டும், வாய் சொல்வதை வாழ்வு மறுக்கலாகாது என்பதே அதன் சாரம்.

இதே பாடத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வது பரமார்த்த குருவின் கதை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடரோடு குரு ஆற்றைக் கடக்கிறார். கரையேறி எண்ணுகையில், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு மற்றவரை எண்ணுவதால் ஒருவர் குறைகிறார். ஆறு கொண்டுபோயிற்று என்று எல்லோரும் ஓலமிடுகின்றனர். அக்கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஆயினும் பள்ளியிலும் சபையிலும் பொறுப்பேற்றவர்கள், ஆசிரியர் தாமதம், மாணவர் குறும்பு, பெற்றோர் அலட்சியம் என்று பிறர் குறைகளை எல்லாம் எண்ணி முடித்துத் தம்மை மட்டும் எண்ணாது விடுவது உண்டன்றோ? அப்பொழுது கணக்கு என்றுமே நேராகாது.

முனிவர் 1747 பெப்ருவரி 4 ஆம் நாள் கேரளத்து அம்பழக்காட்டில் இறைவனடி சேர்ந்தார். 1968 இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது.

சிலையினும் மேலான காணிக்கையை நாம் செலுத்தலாம். நாற்றுப் பறித்த ஈரக்கையோடு பள்ளி வாசலில் வந்து நிற்கும் தாய்க்கு, தன் மகள் ஏன் பின்தங்குகிறாள், வீட்டில் என்ன செய்யவேண்டும் என்பதைத் தலைமையாசிரியர் அவளுக்கு விளங்கும் சொற்களில் பொறுமையாக எடுத்துச் சொல்லட்டும். அந்த இரண்டு நிமிடப் பேச்சு தெளிவாய் அமைந்தால் பிள்ளை படிப்பாள். கடுஞ்சொல்லாய் முடிந்தால், அடுத்த நடவுக்கு அவளும் வயலில் இறங்கிவிடக் கூடும். கற்பிக்கும் நம் சகோதர சகோதரிகள் அனைவரும் நாள்தோறும் தாமும் கற்று, தம்மையும் எண்ணிப் பார்த்து, தெளிந்த சொல்லால் நம் பிள்ளைகளைக் கரையேற்ற அடைக்கல அன்னை துணை நிற்பாளாக.