பிராய்ட் கேட்ட இரு வாக்குகள்

சிக்மண்ட் பிராய்டின் கனவாராய்ச்சியிலும் அவருடைய இறுதிப் பதினாறு ஆண்டுகளே என் நெஞ்சை அதிகம் ஈர்க்கின்றன.

1856இல் மொறாவியாவிற் பிறந்து, வியன்னா மாநகரில் உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த அப்பெரியாருக்கு 1923இல் வாயிற் புற்றுநோய் கண்டது. வைத்தியரோ நோயின் பெயரைச் சொல்லாது விட்டார். மனிதர் தம்மிடமே மறைப்பனவற்றைத் தேடி வாழ்ந்தவரிடம் மறைத்தார்! பிராய்ட் சினந்தார்.

ஆகவே, சில ஆண்டுகளின் பின் மாக்ஸ் ஷூர் என்னும் இளம் வைத்தியரை ஏற்றபோது இரண்டு வாக்குகள் கேட்டார். என்றும் உண்மையே சொல்லவேண்டும். வேளை வரும்போது வீணே வதைபட விடலாகாது. முதல் வாக்கு இன்றேல் இரண்டாவதற்குப் பொருளே இல்லை என்பது என் கருத்து.

முப்பதுக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் நடந்தன. சிந்தை மங்கலாகாது என்று வலிய மருந்துகளை மறுத்து, பெரும்பாலும் அஸ்பிரினோடு காலங் கழித்தார். 1938இல் நாசிகளுக்குத் தப்பி இலண்டன் சேர்ந்தார். மறு ஆண்டு, புண்ணின் நாற்றம் பொறாது அவருடைய செல்ல நாயும் விலகிப் போயிற்று. அப்போது ஷூரிடம் பழைய வாக்கை நினைவூட்டி, மகள் அன்னாவிடமும் பேசுமாறு வேண்டினார்.

இங்கிலாந்துச் சட்டம் இதற்கு இடமளிக்கவில்லை. கருணைக்கொலை மசோதாவொன்றைப் பிரபுக்கள் சபை 1936இல் நிராகரித்திருந்தது. 2002இல் நடைமுறைக்கு வந்த ஒல்லாந்துச் சட்டமோ, சார்பற்ற வேறொரு வைத்தியரும் நோயாளியைக் காணவேண்டும் என விதிக்கிறது. பிராய்டின் வீட்டில், ஷூர் எழுதிவைத்தபடி, முடிவு மூவருக்குள் நின்றது. அன்னா தயங்கினார்; பின்னர் இசைந்தார். ஷூர் மோர்பியா ஏற்றினார். 1939 செப்டெம்பர் 23இல், உறக்கம் கலையாமலே உயிர் பிரிந்தது.