செப்புக் காசில் பிறந்த மின்சாரம்!

லண்டனில் ஒரு புத்தகக் கடை. அங்கே பைண்டு செய்யும் தொழில் கற்க 14 வயதுப் பையன் ஒருவன் சேர்ந்தான். தகப்பனார் கொல்லர்; ஏழை. பள்ளிப் படிப்பும் பையனுக்கு அதிகம் இல்லை.

அவன்தான் மைக்கேல் பாரடே. பிறந்தது 1791-ம் ஆண்டு.

தைக்க வந்த புத்தகங்களை அவன் படித்தான். அதில் சொன்னது மெய்தானா என்று கையால் செய்தும் பார்த்தான். கையில் மிஞ்சிய சில்லறைக்கு ஏற்ற சோதனைதான்!

1812-ல் பாரடே ஏழு செப்புக் காசுகளை எடுத்தார். அதே அளவில் ஏழு துத்தநாகத் தகடுகளை வெட்டினார். உப்பு நீரில் நனைத்த காகிதத்தை இடையிடையே வைத்து மாற்றி மாற்றி அடுக்கினார். அடுக்கின் இரு முனைகளிலிருந்தும் கம்பிகளை எடுத்துப் பேதி உப்புக் கரைசலில் விட்டார். குமிழ் குமிழாக வாயு கிளம்பியது. மின்சாரத்தின் வேலை! அவரே அசந்துபோனார்.

அவ்வாண்டில் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். தாமே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். கற்ற தொழில் கைகொடுத்தது. 1813-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் ஆனார்.

1831-ல் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தார். காந்தம் அசைந்தபோதெல்லாம் கம்பியில் மின்சாரம் ஓடியது. இன்றைய ராட்சத ஜெனரேட்டர்களுக்கும் இதுவே அடிப்படை.

1867-ல் காலமான பாரடே, கிறிஸ்துமஸ் விடுமுறைகளில் சிறுவர்களுக்கு விஞ்ஞானம் சொன்னவர். அதற்கு ஒரு மெழுகுவத்தியே அவருக்குப் போதும். வீட்டில் பெரியவர்களை வைத்துக்கொண்டு நீங்களும் பாருங்கள். எரியும் மெழுகுவத்தியை ஊதி அணையுங்கள். எழும் புகையில் உடனே தீக்குச்சியைக் காட்டுங்கள். குச்சி திரியைத் தொடுமுன்பே தீ தாவிப் பற்றும். அந்தப் புகையில் இருப்பது மெழுகின் ஆவி. எரிவது அதுதான்.