தறியை நிற்கச் சொல்லிக் கொடுத்தவர்

போன லீவுல ஒரு ஃபேக்டரிக்கு இன்டர்ன்ஷிப் போயிருந்தேன். டிரேயில வந்து விழுந்த பாகங்கள்ல ஒரே இடத்துல பிசிறு. ஆபரேட்டர் அண்ணன்கிட்ட காட்டினேன். மெஷினை நிறுத்தினா நம்மளத்தான் திட்டுவாங்கன்னு சொல்லிட்டு அடுத்த பாகத்தை எடுத்தார். நானும் வாயைத் திறக்கல.

அப்புறம்தான் சகிச்சி டொயோடா பற்றிப் படித்தேன். டொயோட்டா காரின் கதை இவருடைய தறியில்தான் தொடங்குகிறது.

1867-ல் ஜப்பானில், இன்றைய ஷிசுவோக்கா பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா தச்சர். அம்மா தறியில் படும் கஷ்டத்தைப் பார்த்து வளர்ந்தவர், அதைக் குறைக்கணும்னு தறியையே கையில் எடுத்தார். 1891-ல் மரக் கைத்தறிக்கு முதல் காப்புரிமை. 1896-ல் விசைத்தறி. அதில் ஒரு சின்ன அமைப்பு வைத்தார்: ஊடை நூல் அறுந்தா தறி தானே நின்றுவிடும்.

இதுல என்ன இருக்குன்னு தோணலாம். தானே நிற்காத தறி, நூல் அறுந்த பிறகும் ஓடி துணியைக் கெடுக்கும். அதைக் காவல் காக்கவே ஒரு ஆள் வேணும். தானே நின்றால், ஒருவரே பல தறிகளைப் பார்க்கலாம். பிரச்சினையைச் சரிசெய்வதுதான் அப்போ அவர் வேலை.

1910-ல் தன் பெயரில் இருந்த கம்பெனியிலிருந்தே சகிச்சி விலக வேண்டி வந்தது. அமெரிக்கா, ஐரோப்பா சுற்றிவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். 1924-ல், ஓடும்போதே நாடா மாற்றும் ஜி டைப் தானியங்கித் தறி வந்தது. 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் அதன் உரிமையை வாங்கியது. அடுத்த வருஷம் சகிச்சி இறந்துபோனார்.

மகன் கிச்சிரோ 1937-ல் டொயோட்டா மோட்டாரைத் தொடங்கினார். டொயோடா நெசவாலையில் வேலை பார்த்த தாய்ச்சி ஓனோ, 1943-ல் அங்கே வந்தார். தறிக்கு இருந்த அந்த உரிமை அவர் மூலமா மனுஷங்களுக்கும் கிடைத்தது. தப்பு தெரிஞ்சா தொழிலாளியே லைனை நிறுத்தலாம். பிறகு இதற்காகவே தலைக்கு மேல ஒரு கயிறு வந்தது. இழுத்தா டீம் லீடர் வருவார். யார் தப்புன்னு தேட மாட்டார். ஏன் ஆச்சுன்னு கேட்பார்.

புது மாடல், புது முறை எது வந்தாலும், எங்கே இடிக்குதுன்னு முதல்ல தெரிவது அதில் கை வைத்து வேலை செய்பவருக்குத்தான். அவர் வாயை மூடிக்கிட்டா, மேல இருக்கிறவங்க எதை வைத்து மாற்றுவார்கள்?

அடுத்த வருஷம் நம்மில் பலர் சூப்பர்வைசரா நிற்போம். அந்த அண்ணன் மாதிரி ஒருத்தர் மெஷினை நிறுத்தினா, திட்டாம, என்ன பார்த்தீங்கண்ணான்னு கேட்கப் பழகிட்டுப் போவோம்.