ஆர்னால்டு லன்

சர் ஆர்னால்டு லன் (ஏப்ரல் 18, 1888 – ஜூன் 2, 1974) சென்னையில் பிறந்த ஆங்கிலேயப் பனிச்சறுக்கு வல்லுநர், மலையேறுநர், எழுத்தாளர் ஆவார். குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் இன்று இடம்பெறும் ஆல்ப்சு வகைப் பனிச்சறுக்குப் பந்தயங்களுக்கு வடிவம் கொடுத்தவர்களுள் இவர் முதன்மையானவர். நவீன ஸ்லாலம் பந்தயத்தை வகுத்தவரும் இவரே. இளமையில் நேர்ந்த விபத்தினால் ஒரு கால் குட்டையாகிப் போன போதிலும், வாழ்நாள் முழுவதையும் இவ்விளையாட்டுக்கே செலவிட்டார்.

பிறப்பும் குடும்பமும்

இவருடைய தந்தை என்றி லன் மெதடிசத் திருச்சபையைச் சேர்ந்த மருத்துவ ஊழியர். 1887 ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்த அவர், உடல்நலக் குறைவு காரணமாக அடுத்த ஆண்டே இங்கிலாந்து திரும்பினார். அந்தக் குறுகிய காலத்திலேயே ஆர்னால்டு சென்னையில் பிறந்தார். பனியே விழாத ஊரில் பிறந்த ஒருவர் பனிச்சறுக்கின் வரலாற்றில் இடம்பெற்றதற்குத் தந்தையின் பிற்காலத் தொழிலே காரணமாயிற்று.

1892 ஆம் ஆண்டு என்றி லன் சுவிட்சர்லாந்தின் கிரின்டெல்வால்டு நகரில் திருச்சபைகளின் ஒற்றுமைக்காக ஒரு மாநாட்டைக் கூட்டினார். அதற்குப் பயணிகளை அழைத்துச் சென்ற ஏற்பாடு பின்னர் சுற்றுலா நிறுவனமாக வளர்ந்தது. கோடைக்கால ஊர்களாக மட்டுமே அறியப்பட்டிருந்த ஆல்ப்சு மலையூர்களுக்குக் குளிர்காலத்திலும் ஆங்கிலேயரை அழைத்துச் சென்றவர்களுள் அவர் குறிப்பிடத்தக்கவர். ஆர்னால்டு தம் பத்தாவது வயதில், பிரான்சின் சாமொனி நகரில் முதன்முதலாகப் பனிச்சறுக்குப் பலகைகளைக் காலில் கட்டினார்.

கல்வியும் விபத்தும்

ஆரோ பள்ளியிலும் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் பேலியோல் கல்லூரியிலும் பயின்றார். 1908 ஆம் ஆண்டு ஆல்ப்சுப் பனிச்சறுக்குக் கழகத்தை நிறுவினார். 1909 ஆகஸ்டில் வேல்சில் உள்ள கேடர் இட்ரிசு மலையில் ஏறியபோது பாறை பெயர்ந்து கீழே விழுந்தார். வலக்கால் நொறுங்கியது. அறுவை மருத்துவத்திற்குப் பின் அக்கால் மற்றதைவிடச் சில அங்குலம் குட்டையாகவே நின்றுவிட்டது. புண்ணும் பல ஆண்டுகள் ஆறவில்லை. இதனால் முதல் உலகப் போரில் படைச்சேவைக்கு அவர் ஏற்கப்படவில்லை. எனினும் 1917 இல் தோம் சிகரத்திலும் 1924 இல் ஐகர் சிகரத்திலும் பனிச்சறுக்குப் பலகைகளின் துணையுடன் முதன்முதலாக ஏறியவர்களுள் அவரும் ஒருவர்.

பலகைகளும் பயண முறையும்

அக்காலத்தில் பனிச்சறுக்கு என்றால் நார்வே நாட்டு முறையையே குறிக்கும். நீண்ட மரப்பலகை, குதிகால் தூக்கக்கூடிய கட்டு ஆகியவை மேடுபள்ளமான நிலத்தில் நெடுந்தொலைவு செல்ல ஏற்றவை. நெடுந்தூர ஓட்டமும் தாவலுமே போட்டிகளாக இருந்தன. ஆல்ப்சு மலைகளின் செங்குத்தான சரிவுகளிலோ, வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் குறுகிய இடத்தில் திரும்புவதும் இன்றியமையாதவை. ஆஸ்திரியரான மத்தியாசு சுடார்சுகி 1890களின் பிற்பகுதியில் குட்டையான பலகையையும் உறுதியான கட்டையும் இதற்கெனப் பரப்பினார்.

இழுவை வண்டிகள் பரவாத அந்நாளில், பலகையின் அடியில் கடல்நாய்த் தோல் பட்டைகளைக் கட்டிக்கொண்டே மேலேற வேண்டியிருந்தது. தோலின் மயிர் ஒரு பக்கமாகவே சாய்ந்திருப்பதால், பலகை முன்னோக்கி நகரும், பின்னோக்கி வழுக்காது.

எந்தப் பனியில், எந்தப் பருவத்தில் செல்வது என்பதையும் லன் விரிவாக ஆராய்ந்து எழுதினார். உயர்ந்த பனியாறுகளுக்கு நடுக்குளிர்காலத்தைவிட இளவேனிலே சிறந்தது என்பது அவர் முடிவு. அப்போது பனியாற்றுப் பிளவுகள் கெட்டியான பனியால் மூடப்பட்டிருக்கும். இரவில் உறைந்த மேற்பரப்பு காலை வெயிலில் சற்றே இளகும்போது சறுக்குவது எளிது. வெயில் ஏறினால் பனிச்சரிவு அபாயம் மிகும். எனவே விடியுமுன் புறப்பட்டு, நண்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும்.

பந்தயங்கள்

1911 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் மொன்டானாவில் லன் ஒரு சரிவிறக்கப் பந்தயத்தை நடத்தினார். மேலிருந்து கீழே விரைவாக வந்து சேர்பவரே வென்றவர். இதற்கான கிண்ணத்தை வழங்கியவர் காந்தகார் போரில் வென்ற படைத்தலைவர் ராபர்ட்சு பிரபு. முன்னர் சென்னைப் படைக்கும் பின்னர் இந்தியப் படைக்கும் தலைமை ஏற்றிருந்தவர் அவர். 1924 இல் மியூரன் நகரில் லன் நிறுவிய கழகமும் காந்தகார் என்ற பெயரையே பெற்றது.

1922 ஜனவரியில் மியூரனில் நவீன ஸ்லாலம் பந்தயத்தை அறிமுகப்படுத்தினார். முன்பு நடந்த திருப்பப் போட்டிகளில் நடுவர்கள் தோற்ற அழகுக்கும் மதிப்பெண் இட்டனர். லன் இணை இணையாகக் கொடிகளை நட்டு, அவற்றினூடே மிக விரைவாக வருபவரே வென்றவர் என்றார். மரங்கள் அடர்ந்த சரிவில் இறங்குவதற்கு வேண்டிய திறனைச் சோதிப்பதே நோக்கம். நடுவரின் விருப்பு வெறுப்புக்குப் பதிலாகக் கடிகாரம் தீர்ப்பளித்தது இதன் சிறப்பாகும்.

நார்வே முறையைப் போற்றியவர்கள் இப்பந்தயங்களை நெடுங்காலம் ஏற்கவில்லை. 1930 இல் பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு இவற்றை ஏற்றது. 1931 பெப்ரவரியில் மியூரனில் முதல் உலகப் போட்டி நடந்தது. அதில் பெண்களும் பங்கேற்றனர்.

அரசியல் நிலைப்பாடு

1936 இல் ஜெர்மனியின் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷனில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஆல்ப்சு வகைப் பந்தயம் முதன்முதலாக இடம்பெற்றது. லன் ஸ்லாலம் நடுவராகவும் அவர் மகன் பீட்டர் பிரித்தானிய அணித்தலைவராகவும் இருந்தனர். பல ஆண்டுகள் போராடிப் பெற்ற இந்த ஏற்பு நாசி அரசின் விழாவில் கிடைத்ததை லன் விரும்பவில்லை. தொடக்க அணிவகுப்பில் தந்தையும் மகனும் நடக்கவில்லை.

1928 இல் ஆஸ்திரியப் பயிற்றுநர் ஹான்னஸ் ஷ்னைடருடன் சேர்ந்து தொடங்கிய ஆர்ல்பெர்க்-காந்தகார் பந்தயம் 1938 மார்ச்சில் சாங்க்ட் ஆன்டனில் நடக்கவிருந்தது. ஜெர்மனி ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டு ஷ்னைடரைக் கைது செய்ததும் லன் அப்பந்தயத்தை நிறுத்தினார். தாம் வளர்த்த பந்தயத்தைவிட நண்பரின் விடுதலையே அவருக்குப் பெரிதாகப் பட்டது.

எழுத்தும் பிற்காலமும்

பிரித்தானியப் பனிச்சறுக்கு ஆண்டிதழை ஏறத்தாழ அரை நூற்றாண்டு தொகுத்தார். பனிச்சறுக்கின் வரலாறு, மலையேற்றம், சமயம் ஆகியவை குறித்துப் பல நூல்கள் எழுதினார். கத்தோலிக்கத் திருச்சபையைக் கடுமையாக விமர்சித்து வந்த அவர், 1933 இல் அதிலேயே சேர்ந்தார். 1952 இல் பனிச்சறுக்குக்கும் ஆங்கிலோ-சுவிஸ் நல்லுறவுக்கும் ஆற்றிய பணிக்காக சர் பட்டம் பெற்றார். 1974 இல் இலண்டனில் காலமானார்.

லன் வகுத்த ஸ்லாலத்தில் அவர் பிறந்த நாடும் பின்னாளில் பங்கேற்றது. 2022 ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் காஷ்மீரைச் சேர்ந்த ஆரிப் கான் இந்தியாவின் சார்பில் ஸ்லாலம், பெரும் ஸ்லாலம் ஆகிய இரு பந்தயங்களிலும் கலந்துகொண்டார்.